பன்னிரண்டு ரூபாயில் வெளிநாடு: வெள்ளோடையில் பஸ் திரும்பிய இடம்

பெரம்பலூரில் ரயிலே கிடையாது, விமானத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் போன வாரம் வெளிநாடு போய் வந்தேன். பாஸ்போர்ட் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது பஸ் போர்டு மட்டும்தான், அதிலும் ஒரு எழுத்து அழிந்திருந்தது. நூறு ரூபாய்க்குள் போய் வரக்கூடிய இடங்களைத்தான் இங்கே வழக்கமாக எழுதுகிறேன். இதுவும் அந்தக் கணக்குக்குள் அடங்கும். ஆனால் இந்த முறை கோபம் இன்னும் இறங்காமல் எழுதுகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

விஷயம் இதுதான். வெள்ளோடை என்கிற சின்ன ஊர் தன்னைத் தனி நாடாக அறிவித்துவிட்டது. ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு, பக்கத்தில் தகரப் பலகை. பலகையில், “இத்துடன் இந்தியா முடிகிறது. வெள்ளோடை நாடு தங்களை வரவேற்கிறது.” அந்தப் படம் பெரம்பலூர் பூராவும் போன் போனாகச் சுற்றியது. பிளஸ் டூ பரீட்சை முடிந்து சும்மா கிடக்கிற என் கூட்டாளிகள் எனக்கே அனுப்பினார்கள். “நீ வாத்தியார் பைக் சீட்டுல பலாப்பழப் பிசின் தடவுனதெல்லாம் ஒரு குறும்பாடா? இவனுங்களப் பாரு, ஒரு நாட்டையே ஆரம்பிச்சிட்டானுங்க” என்றான் ஒருவன். எனக்குப் பொறாமை. ஒரு ஊரே சேர்ந்து என்னைக் குறும்பில் தோற்கடித்ததை நேரில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். இன்னொரு காரணமும் உண்டு. என் பெரியம்மா வீடு அங்கேதான் இருக்கிறது.

வெள்ளோடை பெரம்பலூர் மாவட்டம். ஆனால் அதற்குப் போகிற ஒரே டவுன் பஸ் அரியலூரிலிருந்துதான் கிளம்புகிறது. ஆகவே நம் மாவட்டத்து ஊருக்குப் போவதற்குப் பக்கத்து மாவட்டத் தலைநகருக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். காலை 7.15க்குப் பெரம்பலூரில் ஏறினேன், டிக்கெட் 28 ரூபாய். குன்னம் பக்கம் வந்தால் இரண்டு பக்கமும் அறுத்து முடித்த சோளக் கொல்லை, ஆங்காங்கே வெங்காயத்தைக் குவித்து ஓலை மூடி வைக்கிற பட்டறை. ஜன்னல் சீட் கிடைத்தால் வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் வெயில். அரியலூரை நெருங்கும்போது வேப்பமரம்கூட நரைத்திருக்கும். சிமென்ட் ஆலைத் தூசி. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல், அதனால்தான் சுண்ணாம்புக்கல் என்று எங்கள் அறிவியல் சார் சொல்லியிருக்கிறார். கடலாக இருந்தபோது மாவட்டம் பிரிக்க யாரும் இல்லை, மீன்கள் தப்பித்தன.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ, போண்டா சாப்பிட்டுவிட்டு 9.20க்கு டவுன் பஸ் பிடித்தேன். மீசையை மேலே முறுக்கிவிட்ட கண்டக்டர் வந்தார்.

“எங்க தம்பி?”

“வெள்ளோடை ஒண்ணு.”

“பன்னெண்டு ரூவா. ஆனா வெள்ளோடைக்குள்ள போவாது. காலனியோட திரும்பிடும். நம்ம பர்மிட்டு இந்தியா வரைக்குந்தான்.”

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டில் ஒரு அம்மா, “அப்ப லேடீஸ் ஃப்ரீ எதுவரைக்கும்ங்க?” என்று கேட்டார். “அதுவும் இந்தியா வரைக்குந்தான். ஃபாரின் லேடீஸா இருந்தா டாலர்ல குடுக்கணும்” என்றார் கண்டக்டர். பிறகு டிக்கெட்டைக் கிழித்துக்கொடுத்துக்கொண்டே, கேட்காமலே சொன்னார். “இந்த ரூட்டுல வருசக்கணக்கா ஓடுறேன். காலனில வண்டி நின்னதே இல்ல. இப்ப ஏழு நாளா அங்கதான் நிக்கிது, அங்கதான் டீ குடிக்கிறேன். நல்லாத்தான் போடுறாங்க.”

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். கோபம் பிறகுதான் வந்தது.

இங்கே ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ரோட்டில் வந்தால் முதலில் காலனி. அதிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஊர். நிலம் வைத்திருந்தவர்கள் ஊரில், அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர்கள் காலனியில். இப்போது காலனியில் கொத்தனார், டிரைவர், டெய்லர், எலக்ட்ரீஷியன், நர்ஸ் எல்லாம் இருக்கிறார்கள். கூலி வேலை போய்விட்டது, முக்கால் கிலோமீட்டர் போகவில்லை. பஸ் காலனி வழியாகத்தான் ஊருக்குள் போகும், காலனியில் நிற்காது. ஊருக்குள் போய்த் திரும்பும். காலனிக்காரர்கள் ஊர் வரை நடந்துபோய் ஏறவேண்டும், அந்த பஸ் அவர்கள் வீட்டு வாசல் வழியாகவே திரும்பிப் போகும். என் பெரியம்மா பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, தன் வாசலில் காயும் துணியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மழை வருமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே அரியலூர் போவார்.

ஊர் ஏன் தனி நாடாகப் போனது என்பதற்கும் நிஜமான காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் இந்த ரோட்டில்தான் போகின்றன. ரோடு ரோடாக இல்லை, சுவரெல்லாம் விரிசல். பெரம்பலூரில் மனு கொடுத்தால், ஓடைக்கு அந்தப் பக்கம் ரோடு அரியலூர் கணக்கு என்பார்கள். அரியலூரில் கொடுத்தால், ஊர் பெரம்பலூர் கணக்கு என்பார்கள். மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள், அதற்குப்பிறகு வெள்ளோடையை நடுவில் போட்டு மாவாட்டுகிறார்கள். அதனால், இரண்டு பேருக்கும் நாங்கள் வேண்டாம் என்றால் நாங்களே ஒரு நாடு என்று கம்பை நட்டுவிட்டார்கள். இதுவரைக்கும் எனக்குக் கைதட்டத்தான் தோன்றியது.

10.05க்குக் காலனியில் இறங்கினேன். பெரியம்மா வீட்டில் பையை வைத்துவிட்டு, நேராக வெளிநாட்டைப் பார்க்க நடந்தேன். கம்புக்குப் பக்கத்தில் பனை உயரக் கழியில் ஒரு வெள்ளை வேட்டி பறந்தது. எந்தக் கலரை வைத்தாலும் ஏதோ ஒரு கட்சியின் கலராகிவிடுகிறது என்று சண்டை வந்து, கடைசியில் வேட்டியைக் கட்டிவிட்டார்களாம். வெள்ளைக்கொடி காட்டிக்கொண்டே பிறந்த ஒரே நாடு இதுவாகத்தான் இருக்கும். காவலுக்கு ஒரு அண்ணன், இருபது வயது இருக்கும், கழுத்தில் விசில்.

“வாங்க தம்பி, வாங்க. போட்டோ எடுக்கவா? எந்தூருங்க?”

“பெரம்பலூருங்க.”

“டவுனா! வாங்க வாங்க. இங்க யார் வூட்டுக்கு வந்திருக்கீங்க?”

“எங்க பெரியம்மா வூடு.”

“யாரு பெரியம்மா?”

பேரைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால், நான் வந்த ரோட்டைப் பார்த்தார்.

“ஓ. அங்கயா. சரி சரி, இப்படியே நின்னு எடுத்துக்கிட்டுப் போ.”

அவ்வளவுதான். ஒரு பேரைச் சொல்வதற்கு முன்னால் ‘வாங்க’, சொன்னபிறகு ‘போ’. அதே நேரத்தில் அரியலூரிலிருந்து கேமராவோடு பைக்கில் வந்த இரண்டு பேருக்குக் கம்பு தானாக மேலே போனது. இந்த நாட்டில் விசா கிடையாது, விசாரணை மட்டும்தான். அதிலும் ஒரே கேள்வி: யார் வூட்டுப் பிள்ளை?

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. கம்புக்கு உள்ளே ஷீட் போட்ட பந்தலில் ஜனாதிபதி உட்கார்ந்திருந்தார். பேர் தங்கராசு. ஐம்பது வயது, நன்றாகப் பேசுகிறவர். நான் கம்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே கூப்பிட்டேன்.

“ஐயா, ஒரு சந்தேகம். லாரிய நிறுத்தத்தானே கம்பு? காலனிக்கு முன்னாடியே நட்டிருந்தா அங்கயே நின்னிருக்குமே. ஏன் இங்க வந்து நட்டீங்க?”

“லாரி திரும்ப எடம் வேணும்ல தம்பி. காலனிக்கு எதுத்தாப்லதான் பொறம்போக்கு கிடக்குது.”

“அப்ப காலனி எந்த நாடுங்க?”

அவர் யோசித்தார். நிஜமாகவே அப்போதுதான் யோசித்தார். அது எனக்கு இன்னும் எரிகிறது. “அவங்க எப்பவும் போல இருந்துக்குவாங்க. அதுக்கென்ன?” என்றார். பிறகு என்னை நம்பவைப்பதற்காகத் தன் வீட்டுச் சுவர் விரிசலைக் கைகாட்டினார். பேரனுக்கு இழுப்பு, தூசி ஆகாது என்றார். பொய் இல்லை, விரிசலில் என் கையே நுழையும். தன் பேரனுக்கு ஆகாத தூசியை முக்கால் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வீட்டுப் பிள்ளை குடிக்கிறது என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தால் பெரியம்மா வீட்டு எதிரில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முன்னே பின்னே எடுத்து, வளைத்துத் திரும்பிக்கொண்டிருந்தன. பெரியம்மா சோற்றுப்பானையை ஈரத்துணியால் மூடி வைத்திருந்தார்.

“சாப்புடு சாமி. சுண்ணாம்பு இலவசம், வெத்தல மட்டும் நீ கொண்டாரணும்.”

“கம்ப நடுறப்ப உங்ககிட்ட கேட்டாங்களா பெரியம்மா?”

“மனு குடுக்கப் போறப்ப வந்து கூப்புட்டாங்க. ரெண்டு லோடு ஆட்டோல ஏத்திக்கிட்டுப் போயி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல குந்த வச்சாங்க. கூட்டம் காட்டணும்ல. நாடு அறிவிக்கிற மீட்டிங்குக்குக் கூப்புடல. காலைல எந்திரிச்சுப் பாத்தா நாங்க இந்தியாவுல நிக்கிறோம்.”

அப்படி இந்தியாவில் விடப்பட்டதன் பலன்களைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். ரேஷன் லாரி கம்பைத் தாண்டமாட்டேன் என்று சொல்லி, காலனி சமுதாயக் கூடத்தில் தராசை வைத்தார்களாம். ஊரே இங்கே வந்து அரிசி வாங்குகிறது. பால் வண்டி இங்கேயே நிற்கிறது. கேஸ் சிலிண்டர், கூரியர் எல்லாம் இங்கேதான். ஊர்க்காரர் ஒருவர் பட்டறையைப் பிரித்து மூட்டை பிடித்த சின்ன வெங்காயம் கம்புக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது, வியாபாரி வண்டி இந்தப் பக்கம் நிற்கிறது. இப்போது திருச்சி மார்க்கெட்டுக்கு வெங்காயம் அனுப்பினால் அது ஏற்றுமதி. வெங்காய ஏற்றுமதிக்கு அடிக்கடி தடை வருமே, அது தெரியாமல் நாடு ஆரம்பித்துவிட்டார்கள். கரன்ட் மட்டும் பழையபடி வருகிறது, அதை யாரும் இறக்குமதி என்று சொல்லிக் காட்டவில்லை.

“ரேஷன் வாங்க வந்து வெயில்ல நிப்பாங்க” என்றார் பெரியம்மா. “சேர் போட்டேன், குந்தல. மூணாவது நாளு ஒருத்தி தண்ணி கேட்டா. செம்புல குடுத்தா தயங்குறா. கடையில பாட்டில் வாங்கிக் குடுத்தேன். குடிச்சா.”

சாயங்காலம் தேன்மொழி அக்கா வேலை முடிந்து வந்தது. பெரியம்மாவின் ஒரே பெண். அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏழு மணி ஷிப்ட். இத்தனை வருஷமும் இருட்டோடு எழுந்து, நாய் துரத்தத் துரத்த ஊர் வரைக்கும் நடந்து, அங்கே நிழற்குடைக்குள் போகாமல் கரன்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, யூனிபாரத்தைப் பற்றி யாராவது அடிக்கிற கமென்டைக் காதில் வாங்காமல், கடைசியாக ஏறி, அரியலூர் வரைக்கும் நின்றுகொண்டே போய், அங்கே நாளெல்லாம் நிற்கிற வேலை. ஏழு நாளாகப் பஸ் வீட்டுக்கு எதிரில் திரும்புகிறது.

“முத ஆளா ஏறுறேன்டா. ஜன்னல் சீட்டு. நேத்து தூங்கிக்கிட்டே போனேன் தெரியுமா? பஸ்ல தூங்குறது எப்படின்னே எனக்குத் தெரியாம இருந்துச்சு.” சொல்லிவிட்டு அக்கா சிரித்தது. “இந்த நாடு இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்.”

தூசியைத் தின்றுகொண்டு, தன்னை வெளியே தள்ளிய நாடு நீடிக்கவேண்டும் என்று ஒரு ஆள் சாமி கும்பிடுகிறது, ஒரு பஸ் சீட்டுக்காக. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர் வாரம் ஒருமுறை தமிழ்நாட்டைத் தனி நாடாக்கிவிடுவார். வரி நமக்கே, ரயில் நமக்கே, ராணுவம் நமக்கே என்று பட்டியல் போடுவார். அன்றைக்கு அவருக்கு ஒரே ஒரு வரி அனுப்பினேன்: “கம்பை எங்க நடுவீங்க சித்தப்பா?” இரண்டு நீல டிக் மட்டும் இருக்கிறது.

மறுநாள் காலையில் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். பெருமையாகவும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அட்டையில் “இந்தியக் குடிநுழைவு, காலனி கிளை” என்று எழுதி மாட்டினேன். முத்திரைக்குச் சின்ன வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, ஸ்டாம்ப் பேடில் தொட்டுக்கொண்டேன். ஊரிலிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள். முதலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா.

“எந்த நாடும்மா?”

“அட, வெள்ளோடைதான்.”

“வந்த காரியம்?”

“பல்லு வலி. அரியலூருக்கு ஆஸ்பத்திரி போறேன்.”

“பல்லு எந்த நாட்டுப் பல்லு?”

வலியோடு சிரித்துவிட்டுக் கையை நீட்டினார். வெங்காய முத்திரை குத்தினேன். அடுத்து வந்த இரண்டு காலேஜ் அண்ணன்கள் போட்டி போட்டுக் குத்திக்கொண்டார்கள். ஒருவர் செல்ஃபிகூட எடுத்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது வெள்ளை வேட்டி சட்டையில், கையில் பையோடு ஜனாதிபதியே வந்தார். அரியலூரில் வக்கீலைப் பார்க்கவேண்டுமாம்.

“எந்த நாடுங்க ஐயா?”

“டேய், வெளாட்டா?”

“இல்லீங்க, டூட்டி. ஒரே கேள்விதான். யார் வூட்டுப் பையன் நீங்க?”

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது.

“யார்கிட்ட பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதாங்க. நேத்து உங்க எல்லைல எங்கிட்டயும் இதத்தான் கேட்டாங்க. நான் சொன்னேன். நீங்களும் சொல்லுங்க, அனுப்பிடுறேன்.”

அவர் என்னைத் தாண்டிப் போய் ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பியது. ஜன்னல் சீட்டிலிருந்து தேன்மொழி அக்கா என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே திரும்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

“அவரு அரியலூர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாருடா. வழி பூரா என்னையே பாத்தாரு. நீ கேட்ட கேள்விக்கு அவரு உங்கிட்ட பதில் சொல்லல. எங்கிட்டதான் சொல்லுவாரு, பாரு.”

“நான் தப்பா என்னக்கா கேட்டேன்?”

“தப்புன்னு யாரு சொன்னா? நல்லாத்தான் கேட்ட. நீ நாளைக்கு பஸ் ஏறி பெரம்பலூர் போயிடுவ. நான் இங்கதான் நிக்கணும்.”

போய் அந்த அட்டையைக் கழற்றினேன்.

அன்று மூன்று மணிக்கு இரண்டு ஜீப் வந்தன. ஒன்று பெரம்பலூரிலிருந்து, ஒன்று அரியலூரிலிருந்து. மனு கொடுத்தபோது ஒன்றுகூட வரவில்லை, நாடு ஆரம்பித்ததும் இரண்டும் வந்தன. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுவார்த்தை. காலனியிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. பெரியம்மா கொண்டையை முடிந்துகொண்டு, “கூப்புட்டாத்தான் போகணுமா?” என்று கிளம்பினார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், நானும் தேன்மொழி அக்காவும் பின்னால். கம்புக்கருகில் அந்த விசில் அண்ணன் எங்களைப் பார்த்தார். இவ்வளவு பேரிடமும் யார் வூடு என்று கேட்க முடியாமல் கம்பைத் தூக்கினார்.

உள்ளே முடிவாகிவிட்டிருந்தது. லாரிக்கு வேறு வழி, மழைக்கு முன்னால் ரோடு. எல்லோரும் கை கொடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பெரியம்மா முன்னால் போய் நின்றார்.

“சார், ஒரே ஒரு விசயம். பஸ்ஸு எங்க எடத்துலயும் நிக்கணும். இந்த எட்டு நாளா நிக்கிது, யாருக்கும் ஒண்ணும் ஆவல.”

ஒரு அதிகாரி இன்னொருவரைப் பார்த்து, “அந்த இடம் யார் லிமிட்?” என்றார்.

“ஊர் உங்களுது சார்.”

“பஸ் உங்களுதில்லையா?”

இதே இரண்டு பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு ஊர் தனி நாடாகவே போனது. அந்த ஊரின் ஜனாதிபதி பக்கத்திலேயே நிற்கிறார். அவருக்குத் தெரியவேண்டும் அல்லவா, அந்தப் பதில் எப்படி வலிக்கும் என்று? தங்கராசு சொன்னது இது: “அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் சார். ஊர்ப் பிரச்சனை முடிஞ்சிருக்கு, இப்ப எதுக்கு?”

கம்பைப் பிடுங்கினார்கள். தகரப் பலகையை யாரோ மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாக எடுத்துப் போனார்கள். வேட்டியின் சொந்தக்காரர் அதை இறக்கி, உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாடு முடிந்தது.

நான் குறும்பு செய்கிறவன், இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. பொய்யான காரியம் செய்யும்போது அதில் எது நிஜமாக யார்மேல் விழும் என்று முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். வெள்ளோடையின் கொடி பொய், ஜனாதிபதி பொய், பலகை பொய். மூங்கில் கம்பு மட்டும் நிஜம். அதை நட்ட இடம் புதிது இல்லை. அங்கே எப்போதும் ஒரு கம்பு இருந்தது, கண்ணுக்குத் தெரியாமல். எட்டு நாள் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பிடுங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். எதைப் பிடுங்கினார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது நாள் காலை, நானும் ஊர் திரும்பவேண்டும். அக்கா யூனிபாரம் போட்டு, தலை பின்னி, எட்டு நாளாக நின்ற அதே இடத்தில் நின்றது. பக்கத்தில் நான், பையோடு. “ஊருக்கு நடக்கலையாக்கா?” என்றேன். “வாயை மூடிக்கிட்டு நில்லு” என்றது.

6.10க்கு பஸ் வந்தது. அக்கா கையை நீட்டியது. நிற்கவில்லை. தூசியை எங்கள் மேல் போட்டுவிட்டு ஊருக்குள் போனது. பெரியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் பஸ் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அக்கா செருப்பைச் சரிசெய்துகொண்டு நடு ரோட்டுக்குப் போய் நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்தார். அக்கா நகரவில்லை. பஸ் அக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னல் எல்லாவற்றிலும் ஊர் முகங்கள். மீசைக் கண்டக்டர் படியில் தொங்கினார்.

“என்னம்மா இது, இது ஸ்டாப்பு இல்லியே.”

“நேத்து வரைக்கும் ஸ்டாப்புதானே சார்? டீ குடிச்சீங்களே.”

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். முத்திரை குத்திக்கொண்ட பல்வலி அம்மா மட்டும், “ஏறட்டும், புள்ள வேலைக்குப் போவுதுல்ல” என்றார், யாரையும் பார்க்காமல்.

“சரி ஏறும்மா. இன்னிக்கு மட்டும்.”

“நாளைக்கும் வந்து இன்னிக்கு மட்டும்னே சொல்லுங்க சார், ஏறிக்கிறேன்.”

அரியலூர் வரைக்கும் அக்கா நின்றுகொண்டே வந்தது. நானும்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, “போயிட்டு போன் பண்ணு. அடுத்த தடவ வர்றப்ப அந்த வெங்காய ஸ்டாம்ப்பையும் எடுத்துக்கிட்டு வா” என்றது. கோபம் போயிருந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் போகவில்லை.

வெள்ளோடைக்குப் போக நினைப்பவர்களுக்கு: தனி நாடு இப்போது இல்லை, படம் எடுக்க ஒன்றும் கிடையாது. ஆனாலும் போங்கள். சென்னை, திருச்சியிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் அரியலூரில் இறங்கிக்கொள்ளலாம், பெரம்பலூர்க்காரர்களுக்கு என் வழிதான். எனக்குப் போக வரப் பஸ்ஸுக்கு மட்டும் 80 ரூபாய். குடை, குடிதண்ணீர், மூக்குக்குக் கைக்குட்டை அவசியம். லாரிக்கு வேறு வழி என்றார்கள், இதை எழுதும்வரை அதே வழியில்தான் போகிறது. ஓடைக்கரையில் சுண்ணாம்புக்கல்லில் பதிந்த கிளிஞ்சல் கிடைத்தால் பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள். காலனி முனையில் உள்ள கூரை போட்ட டீக்கடையில் டீ பத்து ரூபாய். கண்டக்டர் சொன்னது சரி, நன்றாகத்தான் போடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது “காலனி ஸ்டாப் ஒண்ணு” என்று கேளுங்கள். அப்படி ஒரு ஸ்டாப் இல்லை என்பார். வெள்ளோடைக்குத்தான் கிழித்துக் கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள், அதே பன்னிரண்டு ரூபாய்தான். டீக்கடைக் கூரை தெரிந்ததும் எழுந்து படிக்கு வந்து, “இறங்கணும்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். யார் வூட்டுக்கு என்று கேட்டால் என் பெரியம்மா வூட்டுக்கு என்று தாராளமாகச் சொல்லலாம். அரியலூரில் 5.30க்குக் கிளம்புகிற முதல் பஸ்ஸில் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் இறங்குவதற்காக பஸ் நின்றால்தான், அங்கே கீழே நிற்கிறவர் ஏறமுடியும்.